திர்யாக்: ஒரு மருந்தின் பெயரும் பாம்புக்கடியின் கணக்கும்

கித்துள் பாணிப் போத்தலின் லேபிளை நம்மில் அநேகர் பார்த்திருப்போம். ஆங்கிலத்தில் 'ட்ரீக்கிள்' என்று போட்டிருக்கும். தயிரில் ஊற்றிச் சாப்பிடுகிற பாணிக்கும் பாம்பின் விஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் சம்பந்தம் இருக்கிறது. அந்தச் சொல்லின் மூலம் கிரேக்க மொழியின் 'தேரியாக்கே'. கொடிய பிராணியைக் குறிக்கும் 'தேரியோன்' என்பதிலிருந்து பிறந்த சொல் அது. விஷக்கடிக்குரிய மருந்து என்பது பொருள். அரபியில் அது 'திர்யாக்' ஆனது. விஷமுறிவு மருந்துக்கு அரபு நாடுகளில் இன்றைக்கும் அதுதான் பெயர். பல சரக்குகளை இடித்துத் தேனில் குழைத்த பாகாக அந்த மருந்து இருந்தது. ஐரோப்பாவில் மருந்து மறைந்துபோய், பாகின் பெயர் மட்டும் மிஞ்சி, கடைசியில் சீனிப்பாகிலும் பாணியிலும் வந்து ஒட்டிக்கொண்டது.

இந்தத் திர்யாக்கின் கதை முஸ்லிம்களின் மருத்துவ வரலாற்றில் ஒரு பெரிய அத்தியாயம். அதைப் பெருமைக்காக மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். நமது விழா மேடைகளில் அப்படித்தான் சொல்கிறோம். இப்னு சீனா, அல்ராஸி என்று இரண்டு பெயரைச் சொன்னால் கைதட்டுக் கிடைக்கும். ஆனால் இந்த மருந்தின் வரலாற்றில் பெருமையோடு ஒரு படிப்பினையும் இருக்கிறது. வட்டைகளில் வருடாவருடம் பாம்புக்கடிக்கு ஆட்களைப் பறிகொடுக்கும் ஊர்களுக்கு அந்தப் படிப்பினைதான் அவசரமாகத் தேவைப்படுகிறது.

கதை கிரேக்க உலகில் தொடங்குகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் நிகாந்தர் என்ற கிரேக்கப் புலவர் பாம்பு, தேள், சிலந்தி ஆகியவற்றின் கடிகளைப் பற்றி ஒரு நீண்ட செய்யுள் நூல் இயற்றினார். கி.மு. 63இல் இறந்த பொந்துஸ் நாட்டு மன்னன் மித்ரிதாத்திஸ், தன்னை யாராவது விஷம் வைத்துக் கொன்றுவிடுவார்கள் என்ற பயத்தில் எல்லா விஷத்துக்கும் ஒரே மருந்து தேடியவன். அவன் பெயரில் வழங்கிய கூட்டு மருந்தை ரோமப் பேரரசன் நீரோவின் வைத்தியரான அந்த்ரோமாக்கஸ் விரிவாக்கினார். விரியன் பாம்பின் இறைச்சியையும் அதில் சேர்த்தார். மொத்தம் 64 சரக்குகள் என்று சொல்லப்படுகிறது. அபினும் அதில் ஒன்று. விஷமுள்ள பிராணியின் உடம்பிலேயே அந்த விஷத்துக்கு மாற்றும் இருக்கும் என்பது அக்கால நம்பிக்கை. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த மருத்துவர் ஜாலினூஸ் (கேலன்) இதை எழுதிவைத்தார். பேரரசன் மார்க்கஸ் ஒரேலியஸுக்கும் தயாரித்துக் கொடுத்தார்.

ஜாலினூஸின் நூல்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் கையால் அரபிக்கும் சிரியாக்குக்கும் வந்தன. நம்முடைய பக்கத்திலிருந்தும் இன்னொரு வழியால் விஷ நூல்கள் பக்தாத் போய்ச் சேர்ந்தன. பர்மகி குடும்பத்து அமைச்சர் யஹ்யா இப்னு காலிதின் காலத்தில், மங்கா என்ற இந்திய வைத்தியர் சமஸ்கிருத மருத்துவ நூல்களைப் பெயர்த்துக் கொடுத்தார். சுஸ்ருத சங்கிதை அவற்றுள் ஒன்று. 'ஷானாக்' என்பவர் பெயரால் அமைந்த விஷ நூலும் பாரசீகம் வழியாக அரபிக்கு வந்து, கலீபா மஃமூனுக்காக எழுதப்பட்டது. ஷானாக் என்பது சாணக்கியன் என்ற பெயரின் அரபு உருவம் என்பர் ஆய்வாளர். ஆக, கிரேக்கமும் இந்தியமும் கலந்துதான் அரபு விஷ மருத்துவம் உருவானது. ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரிலும் இப்னு வஹ்ஷிய்யா பெயரிலும் விஷங்கள் பற்றிய தனி நூல்களே உண்டு. இப்னு சீனா தனது 'அல்கானூன்' நூலின் நான்காம் பாகத்தில் கடிகளையும் விஷங்களையும் வகைப்படுத்தி எழுதினார்.

ஹிஜ்ரி 595ஆம் ஆண்டை (கி.பி. 1199) இந்தக் கதையில் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரே வருடத்தில் இரண்டு நூல்கள் எழுதப்பட்டன.

ஒன்று, பாரிஸ் தேசிய நூலகத்தில் இப்போது இருக்கும் 'கிதாபுத் திர்யாக்' கையெழுத்துப் பிரதி. பழைய வைத்தியர்கள் ஒன்பது பேரின் கதையையும் அவர்கள் கண்ட மருந்துக் கலவைகளையும் சொல்லும் நூல் அது. அதிலுள்ள வண்ணப் படங்கள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றில் ஒரு படத்தில் வயலில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். பாம்பு யாரைக் கடிக்கும் என்று அந்த ஓவியருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மற்றது கெய்ரோவில் எழுதப்பட்டது. எழுதியவர் மூஸா இப்னு மைமூன் என்ற யூத வைத்தியர். எழுதச் சொன்னவர் சுல்தான் ஸலாஹுத்தீனின் அமைச்சராக இருந்த அல்காழி அல்பாழில். அமைச்சர் ஏற்கெனவே எகிப்தில் கிடைக்காத சரக்குகளைத் தூர தேசங்களிலிருந்து வரவழைத்துப் பெரிய திர்யாக்கைத் தயாரிக்கச் செய்திருந்தார். ஆனாலும் அவருக்கு ஒரு கவலை. ஒரு ஆளைப் பாம்பு கடித்து, அவர் எங்களிடம் வந்து திர்யாக் எடுப்பதற்கு முன்பே விஷம் ஏறி மௌத்தாகிவிட்டால் என்ன செய்வது? அதுவும் ராவில் கடித்து, விடிந்த பிறகுதான் வந்து சேர முடிகிறது என்றால்? அதனால் வைத்தியர் இல்லாத இடத்திலும் சனங்கள் பார்த்துச் செய்யக்கூடிய மாதிரி ஒரு சிறு நூல் வேண்டும் என்று கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் 'அர்ரிஸாலா அல்பாழிலிய்யா'.

எண்ணூறு வருடத்துக்கு முந்திய அந்தக் கவலையில் கடிபட்ட ஆளுக்கும் மருந்துக்கும் இடையிலுள்ள தூரமும் நேரமும்தான் பிரச்சினை. இன்றைக்கும் அதுவேதான் பிரச்சினை. அந்த நூலிலுள்ள வழிமுறைகள் பல காலாவதியாகிவிட்டன. கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டு, விஷத்தை உறிஞ்சி எடு என்று அது சொல்கிறது. இரண்டும் கூடாது என்பது இன்றைய மருத்துவம். ஆனால் அமைச்சர் கேட்ட கேள்வி காலாவதியாகவில்லை.

சரி, அந்தத் திர்யாக் வேலை செய்ததா?

அதிலிருந்த அபின் வேதனையைக் குறைத்திருக்கும்; நோயாளியை அமைதிப்படுத்தியிருக்கும். இரத்தத்தில் கலந்துவிட்ட நாகத்தின் விஷத்தையோ விரியனின் விஷத்தையோ அதனால் முறித்திருக்க முடியாது. சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். கொர்டோபாவின் இப்னு ருஷ்து திர்யாக் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதி, சுகதேகிகள் அதைக் கண்டபடி சாப்பிடக்கூடாது என்று எச்சரித்தார். ஆனாலும் மருந்தின் பெயர் கெடவில்லை. ஐரோப்பாவில் வெனிஸ் நகரத் திர்யாக் பெரிய வியாபாரமாக நடந்தது. 1745இல் வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர் இதற்கு எதிராக ஒரு சிறுநூல் எழுத வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் சில நாட்டு மருந்து நூல்களில் 19ஆம் நூற்றாண்டு வரை இது இடம்பிடித்திருந்தது.

ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேலாக, கெட்டிக்காரர்களான மனிதர்கள், வேலை செய்யாத ஒரு மருந்தை எப்படி நம்பினார்கள்? விடை நம் நாட்டுக் கணக்கிலேயே இருக்கிறது. 2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் 44,000க்கும் அதிகமான வீடுகளில் பாம்புக்கடி பற்றி ஓர் ஆய்வு நடந்து, அதன் முடிவு 2016இல் வெளியானது. அதன் மதிப்பீட்டின்படி நாட்டில் ஒரு வருடத்தில் சுமார் 80,000 பாம்புக்கடிகள் நடக்கின்றன. அவற்றில் உடம்பில் விஷம் ஏறியவை சுமார் 30,000. மரணங்கள் 400க்கு மேல்.

இந்தக் கணக்கை ஆறுதலாகப் பார்க்க வேண்டும். நூறு கடியில் 60க்கு மேல் விஷமே ஏறவில்லை. கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கலாம். விஷப்பாம்பாக இருந்தும் விஷத்தை இறக்காமல் கடித்திருக்கலாம். அப்படியும் அடிக்கடி நடக்கும். அப்படியானால் கடிபட்ட நூறு பேருக்கு வெறும் பச்சைத் தண்ணீரைக் கொடுத்தாலும் அறுபது பேர் எழும்பி நடப்பார்கள். பச்சிலை அரைத்துக் கொடுத்தாலும் அப்படித்தான். 64 சரக்கில் திர்யாக் கொடுத்தாலும் அப்படித்தான். பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். மௌத்தானவருக்கு விதி முடிந்துவிட்டது என்போம். இப்படித்தான் ஒரு மருந்துக்குப் பெயர் கட்டப்படுகிறது. பிழைத்தவர்களை மட்டும் எண்ணினால் உண்மை தெரியவராது. மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஒப்பீட்டை மேற்கிலிருந்துதான் நாம் படித்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 925 அளவில் காலமான அல்ராஸி, 'ஸிர்ஸாம்' என்ற மூளைக் காய்ச்சலுக்கு இரத்தம் குத்தி எடுப்பது பலன் தருமா என்று பார்க்க, ஒரு தொகுதி நோயாளருக்குக் குத்தி எடுத்தார். இன்னொரு தொகுதியினரை வேண்டுமென்றே அப்படியே விட்டார். பிறகு இரண்டையும் ஒப்பிட்டார். 'அல்ஹாவி' என்ற அவரது பெருந்தொகுப்பில் இது பதிவாகியுள்ளது. அவர் வந்த முடிவு இன்றைக்கு ஏற்கத்தக்கதல்ல. கேட்ட முறைதான் பெரிது. அந்த முறையைத் திர்யாக் மீது முழுமையாகப் பிரயோகிக்க அவருக்குப் பின்வந்தவர்கள் துணியவில்லை. நமது மருத்துவ வரலாற்றின் துக்கமான இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

சோதனை பிறகு வேறு இடங்களில் நடந்தது. 1664இல் இத்தாலியின் பிரான்செஸ்கோ ரெடி, விரியனின் விஷம் பல்லடியிலிருந்து வரும் மஞ்சள் திரவத்தில்தான் இருக்கிறது, அதை விழுங்கினால் கெடுதியில்லை, இரத்தத்தில் சேர்ந்தால்தான் கொல்லும் என்று காட்டினார். அவருக்கு முன்னால் பாம்புபிடிகாரர் ஒருவர் அதைக் குடித்தே காட்டினார். அடுத்த நூற்றாண்டில் பெலிசே பொன்டானா ஆயிரக்கணக்கான பரிசோதனைகள் செய்தார். ஹலப் (அலெப்போ) நகரில் இருபது வருடமளவில் வைத்தியராக இருந்த பட்ரிக் ரஸல், பின்னர் இந்தியாவின் கிழக்குக் கரைக்கு வந்து, அங்குள்ள பாம்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1796இல் நூல் வெளியிட்டார். பாம்புக்கடிக்குப் பேர்போன தஞ்சாவூர்க் குளிகையையும் அவர் பரிசோதித்தார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இருப்பது அவருடைய பெயர்தான். நம்மவர் அதைப் புடையன் என்பார்கள்.

உண்மையான திர்யாக் 1894இல் கிடைத்தது. குதிரை போன்ற மிருகத்துக்கு விஷத்தைச் சிறுகச் சிறுக ஏற்றிப் பழக்கினால், அதன் இரத்தத்தில் அந்த விஷத்தைப் பிடித்துக் கட்டும் எதிர்ப்பொருள் உண்டாகும். அதைப் பிரித்தெடுத்து ஊசியாகக் கொடுக்கலாம். பிரான்சில் பிசாலி, பெர்த்ரான் என்ற இருவரும், தனியாக அல்பேர் கல்மெத்தும் ஒரே காலத்தில் இதை அறிவித்தார்கள். கல்மெத்தைத் தூண்டியது, 1891இல் அவர் சைகோனில் இருக்கும்போது நடந்த ஒரு சம்பவம். வெள்ளத்தால் நாகபாம்புகள் ஒரு கிராமத்துக்குள் புகுந்து பலரைக் கடித்தன, சிலர் இறந்தார்கள்.

ஆனால் கல்மெத்தும் பழைய பிழையையே விட்டார். நாகத்தின் விஷத்தால் செய்த தன் மருந்து எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று நம்பினார். அவுஸ்திரேலியாவில் சார்ல்ஸ் மார்ட்டினும் பிரேஸிலில் வித்தால் பிரஸிலும் அது அப்படியல்ல என்று சில வருடங்களிலேயே நிரூபித்தார்கள். எல்லா விஷத்துக்கும் ஒரே மருந்து என்ற மித்ரிதாத்திஸின் கனவு அங்கேதான் முடிந்தது. எந்தப் பாம்பின் விஷமோ அதற்குரிய மருந்தே வேண்டும்.

ஏன் அப்படி? விஷம் என்பது ஒரே பொருளல்ல. பலவகைப் புரதங்களின் கலவை அது. பாம்புக்குப் பாம்பு மாறும். நாகத்தின் விஷம், நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் இடத்தில் தசைப்பக்கத்து வாசலை அடைத்துவிடும். கண்ணிமை விழும், பேச்சுக் குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். கண்ணாடி விரியனின் விஷம் இரத்தத்தின் உறையும் சக்தியை ஒரேயடியாகத் தூண்டி, உறைவதற்கு வேண்டிய பொருட்களையெல்லாம் செலவழித்துவிடும். பிறகு இரத்தம் உறையாது, முரசிலிருந்தும் கடிவாயிலிருந்தும் கசியும், சிறுநீரகம் பழுதாகும். ஆஸ்பத்திரியில் ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை விட்டு 20 நிமிடம் பார்ப்பது இதற்குத்தான்.

கட்டுவிரியன் வேறு மாதிரி. எண்ணெய் விரியன் என்றும் சொல்வார்கள். சிங்களத்தில் தெல் கரவலா. ராவில் வரும். நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடி அவ்வளவாக நோகாது, வீங்காது. பல பேருக்குக் கடிபட்டதே தெரியாது. அதன் விஷம் நரம்பின் நுனியையே உடைத்துவிடும். உடைந்த நுனியை எந்த ஊசியாலும் உடனே திருத்த முடியாது; அது தானாக வளர்ந்து வர நாட்கள் எடுக்கும். அதுவரை இயந்திரத்தால் மூச்சுக் கொடுத்தால் ஆள் பிழைப்பார். மருந்து பிந்தினாலும் மூச்சு இயந்திரம் காப்பாற்றும். இரண்டும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவனின் வாப்பா, சில வருடங்களுக்கு முன், அறுவடைக் காலத்தில் வட்டையில் வாடிக் காவலுக்குப் படுத்திருந்தார். நடுச்சாமத்தில் வயிற்றைப் பிசைகிறது என்று எழும்பினார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். காலில் சிறு கீறல் மாதிரித் தெரியவும் விஷகடிப் பரிசாரியிடம் கொண்டுபோனார்கள். அவர் நல்ல மனிதர். பாம்புக்கடிக்கு ஒரு சதம் வாங்காதவர். கலிக்கமிட்டார், நசியம் விட்டார். பிறகு ஓதிப் பார்த்தார்கள். சுபஹுக்குப் பிறகு கண்ணிமை விழத் தொடங்கியதும்தான் வாகனம் தேடினார்கள். போகிற வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு படிப்பைத் தொடரவில்லை.

யாரையும் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. அந்தப் பரிசாரி அதற்கு முன் நூறு பேருக்குப் பார்த்து, அதிகமானோர் பிழைத்துத்தான் இருப்பார்கள். மேலே சொன்ன கணக்கு அவரையும் ஏமாற்றிவிட்டது. ஜாலினூஸையே ஏமாற்றிய கணக்கு அது. ஓதிப் பார்ப்பதையும் நான் மறுக்கவில்லை. கடிபட்டிருந்த கோத்திரத் தலைவருக்கு நபித்தோழர் ஒருவர் பாத்திஹா ஓதிப் பார்த்ததும், நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்றுக்கொண்டதும் புகாரியில் வரும் செய்தி. ஆனால் தொழுகையில் இருந்தபோது தேள் கொட்டியதும் நபியவர்கள் தண்ணீரும் உப்பும் கொண்டுவரச் செய்து இட்டபடியே ஓதினார்கள் என்றும் ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கைக்கெட்டிய மருந்தும் ஓதலும் ஒன்றாகவே நடந்தன. ஒன்றுக்காக மற்றது பிந்தவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் இருந்துகொண்டும் ஓதலாம்.

ஆஸ்பத்திரி மருந்தும் பூரணமானதல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாம் காலங்காலமாகப் பாவிப்பது இந்தியாவிலிருந்து வரும் மருந்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் இந்திய விஷத்தால் செய்யப்படுவது. நம் நாட்டில் அதிகமாகக் கடிக்கும் பாம்புகளில் ஒன்றான, மூக்கு மேடிட்ட சின்ன விரியனுக்கு (சிங்களத்தில் குணகட்டுவா) அது கேட்காது. மருந்தே பலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஆனால் அங்கே சோதனை நடக்கிறது. அந்த ஒவ்வாமையைத் தடுக்க வழமையாகக் கொடுத்துவந்த மூன்று மருந்துகளை இலங்கை ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளரிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். அட்ரினலின் மட்டும் பலன் தந்தது. மற்ற இரண்டும் தரவில்லை. தாம் பழக்கமாகக் கொடுத்துவந்த மருந்தையே சந்தேகித்துச் சோதிப்பதற்கு மனத்தைரியம் வேண்டும். அல்ராஸி செய்ததும் அதுதான். அவருடைய உண்மையான வாரிசுரிமை அங்கேதான் இருக்கிறது. மேடையில் அவர் பெயரைச் சொல்வதால் அது நமக்குக் கிடைத்துவிடாது.

அல்காழி அல்பாழில் கேட்ட மாதிரி, வைத்தியர் வரும்வரை செய்யக்கூடியதை இன்று சொல்வதானால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆளை நடக்கவிடாமல் படுக்கவைத்து, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைக்க வேண்டும். மோதிரம், வளையல் இருந்தால் கழற்ற வேண்டும். இறுக்கிக் கட்டவோ, வெட்டவோ, உறிஞ்சவோ கூடாது. கடித்த நேரத்தை ஞாபகம் வைக்க வேண்டும். பாம்பைத் தேடித் திரியக்கூடாது. வாடியில் படுத்தவர் காரணமில்லாத வயிற்றுநோவோடு ராவில் எழும்பினால், கடி தெரியாவிட்டாலும் கொண்டுபோக வேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பாம்புக்கடி மரணத்தையும் ஊனத்தையும் 2030க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலக்கு வைத்தது. நம் ஊர் அளவில் அதற்குப் பெரிய செலவில்லை. விதைப்புக்கும் அறுவடைக்கும் முந்திய ஜும்ஆவில் கத்தீப் ஐந்து நிமிடம் இதைச் சொல்லலாம். ராவில் எழும்பி ஓடக்கூடிய வாகனக்காரர்களின் நம்பர்களைப் பள்ளிவாசல் பலகையில் எழுதிவைக்கலாம். வாடிக்குப் போகிறவருக்கு டோர்ச் லைட்டும், பாயைச் சுற்றி அடக்கிப் போட ஒரு நுளம்பு வலையும் இருக்கிறதா என்று வீட்டார் பார்க்கலாம். பரிசாரிமாரையும் கூப்பிட்டுக் கதைக்கலாம். சனம் முதலில் போவது அவர்களிடம்தான். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ என்று அவர்கள் சொன்னால் சனம் கேட்கும்.